கும்பாவில் உறைந்த வெந்தயம்

ஐஸ் என்பது மதுரையில் மிஷின் போடும் பொருள், மிஷின் இல்லாத இடத்தில் அது உண்டாகாது என்று எங்கள் ஊர்ப் பெரிய மனிதர்கள் தீர்மானம் செய்துவைத்திருந்த காலம் அது. போடிக்கு ரயில் வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. ரயிலோடு வந்த புதுமைகளில் ஐஸும் ஒன்று. கடைத்தெருவில் உருளைக்கிழங்கும் ஏலக்காயும் மொத்தமாக வாங்கி விற்கும் மண்டிக்காரர் ஒருவர், தன் மகள் கல்யாணத்துக்கு மதுரையிலிருந்து இரண்டு பாளம் ஐஸ் வரவழைத்தார். மரத்தூளில் புதைத்து, சாக்கைச் சுற்றி, ரயிலில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டாரை அழைக்க ஸ்டேஷனுக்குப் போன மேளம், ஐஸையும் சேர்த்து அழைத்துக்கொண்டு வந்தது. இரண்டில் எதற்கு அதிகக் கூட்டம் கூடியது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

பந்தலில் ஐஸ் போட்ட கலர் சோடா குடித்துப் பல் கூசி நின்றவர்களுக்கெல்லாம் மண்டிக்காரர் விளக்கம் சொன்னார். மதுரையில் அந்த ஐஸ் மில்லுக்குள்ளேயே போய்ப் பார்த்தவர் அவர். மூக்கை எரிக்கிற ஒரு வாடையாம், ஆள் உயரச் சக்கரமாம், தகரப் பெட்டிகளில் தண்ணீராம். சக்கரம் நின்றால் ஐஸ் நின்றுபோகுமாம். கேட்டவர்கள் வேதம் கேட்ட மாதிரி தலையை ஆட்டினார்கள். முழுக்கத் தெரிந்தவனுக்குச் சந்தேகம் இருக்கும். அரைகுறையாகத் தெரிந்தவனுக்கு அந்தத் தொந்தரவே கிடையாது.

நான் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். கத்திரிக்காயும் கூஜாவும் வரையச் சொல்லிக்கொடுப்பது உத்தியோகம். வானத்தைப் பார்ப்பது என் சொந்த வேலை. ஊரைவிட்டுப் போன எஸ்டேட் துரை ஒருவரின் தட்டுமுட்டுச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது, மற்றவர்கள் கட்டிலுக்கும் குதிரைச் சேணத்துக்கும் போட்டி போட்டார்கள். நான் ஒரு பெட்டிக் காமிராவை எடுத்துக்கொண்டு வந்தேன். அதோடு பழைய இங்கிலீஷ் பத்திரிகைக் கட்டு ஒன்றும் வந்தது. அதில் ஒரு படம். ஏதோ ஒரு குளிர் தேசத்தில் ஆறு முழுக்க உறைந்து கிடக்கிறது, அதன்மேல் கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரு மனிதர் நின்றுகொண்டு காமிராவை வானத்துக்குத் திருப்பியிருக்கிறார். அவர் வருஷம் தவறாமல் குளிர்கால வானத்தையும் ஆற்று ஐஸையும் படம் எடுக்கிறவர் என்று கீழே எழுதியிருந்தது. அந்த ஊரில் அவரை யாரும் பைத்தியம் என்று சொல்லவில்லை போலும்.

எங்கள் ஊரில் சொன்னார்கள். மழையை நம்பிக் கிடக்கும் காட்டை வானம் பார்த்த பூமி என்பார்கள். எனக்கு வானம் பார்த்த வாத்தியார் என்று பெயர் வைத்தார்கள். பூமியாவது பார்த்ததற்கு ஒரு வெள்ளாமை கொடுக்கும், வாத்தியார் என்ன கொடுப்பார் என்று ஹெட்மாஸ்டர் கேட்டதாகக் காதில் விழுந்தது. அவர் நாற்பது வயதிலும் குடையை விரித்த பிறகுதான் மழை பெய்கிறதா என்று பார்க்கிறவர். அவர் பேச்சை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஐப்பசி தொடங்கித் தை முடிய, பள்ளிக்கூட மொட்டை மாடியில் நின்று கிழக்கேயும் மேற்கேயும் படம் எடுப்பேன். அந்தப் பெட்டியின் குணம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அதற்கு நீலம் தெரியாது. நீல வானமும் வெள்ளை மேகமும் பிலிமில் ஒரே வெள்ளையாக விழும். மிட்டாய் சுற்றி வரும் மஞ்சள் கண்ணாடிக் காகிதத்தை லென்ஸுக்கு முன்னால் பிடித்தால் மேகம் கொஞ்சம் பிரிந்து தெரியும். மேகமே இல்லாத வானத்தை எடுத்தாலோ மஞ்சள் காகிதமும் கைவிட்டுவிடும். படத்தின் அடியில் ஒரு மலை விளிம்பு, அதற்குமேல் வெறும் வெள்ளைத்தாள். மதுரை ஸ்டுடியோவில் பிலிமைக் கழுவிக் கொடுப்பவர், இந்த மாதிரிப் படங்களை என்னிடம் நீட்டும்போது துக்கம் விசாரிக்கிற முகத்தோடு நீட்டுவார்.

என் தங்கையும் அவள் புருஷனும் அப்போது மலைமேல் இருந்தார்கள். குரங்கணியிலிருந்து ஏறும் பாதை முடிந்து, அதற்கும் மேலே புல்மேடுகளுக்கு நடுவே ஒரு பள்ளம். மண்டிக்காரருடைய நிலம். எங்கள் மாப்பிள்ளை, அதாவது தங்கை புருஷன், விளைந்ததில் பங்கு கொடுக்கும் வாரத்துக்கு அதை எடுத்து உருளைக்கிழங்கு போட்டிருந்தார். பள்ளத்தின் நடுவே ஓர் ஓடை. கீழே இறங்கி கொட்டக்குடி ஆற்றில் சேருகிற ஓடைகளில் அதுவும் ஒன்று. நிலத்துக்கு மேற்கே ஏறி இறங்கினால் மலையாளச் சீமை. இந்தக் கடைசி விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மண்டிக்காரர் வைத்துக்கொண்டார்.

கிறிஸ்துமஸ் லீவில் காமிராவைத் தூக்கிக்கொண்டு நான் மேலே போனேன். தங்கைக்கு அது ஆறாவது மாதம். முதல் இரண்டு நாளும் மேகம் தலைக்குமேல் கிடந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் வானம் துடைத்துவிட்டாற்போல ஆயிற்று. புல் நுனிகூட அசையவில்லை. மறுநாள் விடிந்து வெளியே வந்தால், பள்ளம் முழுக்க உப்புப் பூத்த மாதிரி வெள்ளையாகக் கிடந்தது. ஓடைக் கரையில், தண்ணீர் ஓடாமல் தேங்கி நிற்கும் இடங்களிலெல்லாம் ஐஸ். விரலால் தட்டினால் டக்கென்று சத்தம். அடியில் தண்ணீர் ஓடுவது தெரிகிறது, மேலே தகடு. கறுப்புக் கோட்டு மனிதரை நினைத்துக்கொண்டேன். உம்முடைய ஆறு ஓர் ஆளைத் தாங்கும், என்னுடையது ஒரு தவளையைத் தாங்கும், அவ்வளவுதான், ஆனாலும் ஐஸ் ஐஸ்தான் என்று அவரிடம் மனசுக்குள் சொன்னேன். என் வாழ்க்கையில் அத்தனை சந்தோஷமாக நான் இருந்த காலைகள் குறைவு. வெயில் ஏறுவதற்குள் ஐஸையும் வானத்தையும் எடுத்துத் தள்ளினேன்.

வெயில் ஏறியது. வெள்ளை கரைந்தது. உருளைச் செடிகளின் இலை முதலில் துவண்டது, பிறகு கறுத்தது. மத்தியானத்துக்குள் பள்ளம் முழுக்கத் தீ வைத்துவிட்டுப் போன மாதிரி ஆகிவிட்டது. மாப்பிள்ளை ஒரு செடியைப் பிடுங்கினார். வேரில் கோலிக்குண்டு அளவில் இரண்டு கிழங்கு. அடுத்ததைப் பிடுங்கினார். என் தங்கை என்னிடம் வந்தாள்.

"அண்ணே, ஆகாசத்த எடுத்தது போதும். இந்தச் செடிய எடுங்க. மொதலாளி நம்பமாட்டாக."

அவள் சொன்னது அப்படியே நடந்தது. பனியில் செடி கருகியது என்று மாப்பிள்ளை மண்டிக்குப் போய்ச் சொன்னதும், மண்டிக்காரர் கேட்ட முதல் கேள்வி, பனி விழுந்தால் செடி நனையுமா கருகுமா என்பது. இது அந்தப் பனி இல்லை, ஓடைத் தண்ணீரே ஐஸாகிவிட்டது என்று நான் பக்கத்தில் நின்று சொன்னேன். கடையில் இருந்த அத்தனை பேரும் வேலையை நிறுத்தினார்கள்.

"ஓடையில ஐஸு. சரி. மிஷின எங்கன வச்சிருக்காரு உங்க மாப்பிள்ள?"

சிரிப்பு அடங்கியதும் மண்டிக்காரர் தன் முடிவைச் சொன்னார். கிழங்கைத் தோண்டி மேற்கே மலையாளச் சீமையில் இறக்கி விற்றாகிவிட்டது, செடியைத் தீயில் வாட்டிவிட்டு ஐஸ் கதை சொல்கிறார்கள் என்றார். வெறும் கோலிக்குண்டைக் காட்டினால், பெரியதை எடுத்துக்கொண்டு சிறியதை விட்டு வைத்தீர்கள் என்பார். கறுத்த இலையைக் காட்டினால், அதுதான் தீயில் வாட்டியது என்பார். ஒரு மனிதன் திருடன் என்று முடிவு செய்துவிட்ட பிறகு, அவன் வேர்வைகூடத் திருட்டுக்குச் சாட்சியாகிவிடும்.

வழக்கு கடைத்தெருப் பெரியவர்கள் மூன்று பேரிடம் போயிற்று. அவர்கள் சொன்னதுதான் அந்த வட்டாரத்தில் சட்டம். அவர்கள் திருடன் என்று சொன்னால், அப்புறம் வருசநாடு வரைக்கும் யாரும் ஒரு குழி நிலம்கூட வாரத்துக்குத் தரமாட்டார்கள். பெரியவர்கள் தங்களுக்குத் தெரிந்த ஒரே வழியைச் சொன்னார்கள். கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யட்டும், விஷயம் முடிந்தது. தட்டில் கற்பூரத்தை ஏற்றி, நான் சொல்வது உண்மை என்று சொல்லி, எரிகிற கற்பூரத்தின்மேல் உள்ளங்கையை அழுத்தி அணைக்க வேண்டும். பொய்யாக இருந்தால் குடும்பத்துக்கு ஆகாது.

உண்மையாக இருந்தால் மட்டும் ஆகுமா என்றால், அதுவும் சந்தேகம்தான். நிஜமான சத்தியம்கூட, வயிற்றுப்பிள்ளைக்காரி இருக்கிற வீட்டில் செய்தால் பிள்ளையைத் தொடும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. இந்த ஏற்பாட்டின் அழகைப் பாருங்கள். துணிந்து பொய் சொல்கிறவன் ஒரு நொடியில் அணைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போவான். பயந்து சாகிறவன் உண்மை சொல்கிறவன் மட்டும்தான். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு, பிள்ளை பிறந்த பிறகு அணைக்கிறேன் என்றார். பார்த்தாயா, தயங்குகிறான் என்றது கடைத்தெரு. தை முடிவதற்குள் ஒன்று கற்பூரம், இல்லாவிட்டால் ருசுவாக வேறு அத்தாட்சி, இரண்டும் இல்லையென்றால் நிலத்தைவிட்டு இறங்க வேண்டும், திருடன் என்ற பேரோடு இறங்க வேண்டும் என்று கெடு வைத்தார்கள்.

ருசு என்னிடம் இருக்கிறது என்றேன் நான். மதுரையிலிருந்து படங்கள் வந்தன. பெரியவர்கள் முன்னால் வரிசையாக அடுக்கினேன். ஓடை ஐஸைப் பார்த்த முதல் பெரியவர், உடைந்த கண்ணாடிச் சில்லு என்றார். இரண்டாமவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு, ஆமாம், கண்ணாடிதான் என்றார். அதை ஏன் ஓடையில் போட்டார்கள், யார் காலிலாவது குத்தாதா என்று வருத்தப்பட்டார் மூன்றாமவர். முந்தின நாள் சாயங்காலத்து வானத்தை எடுத்து வைத்தேன். மேகம் இல்லாமல், காற்று இல்லாமல் இருந்தால்தான் ராத்திரியில் அத்தனை குளிர் இறங்கும், அதற்கு இந்த வானமே சாட்சி என்று விளக்கினேன். அவர்கள் கையில் இருந்தது அடியில் ஒரு மலை விளிம்பும் மேலே வெறும் வெள்ளைத்தாளும். தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார்கள். பின்பக்கமும் வெள்ளை. மண்டிக்காரர் சிரிக்கவில்லை, அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. படித்த மனுஷன் இப்படி ஆகிவிட்டாரே என்ற இரக்கம் அவர் முகத்தில் இருந்தது.

அப்படியானால் நேரில் வந்து பாருங்கள் என்று அவரிடம் சொன்னேன். நான் நாள் குறிக்கிறேன், நான் சொல்கிற நாளில் ஏறுங்கள், ஐஸ் இல்லாவிட்டால் என் காமிராவைக் கொட்டக்குடி ஆற்றில் எறிந்துவிடுகிறேன் என்றேன். அவர் ஒப்புக்கொண்டதற்குக் காரணம் நியாய புத்தி அல்ல, என் காமிரா ஆற்றில் விழுவதைப் பார்க்கும் ஆசை. ஏழாம் மாதம் பிறக்கப்போகிறது என்று தங்கையைக் கீழே என் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட வேண்டிய சமயம். வரமாட்டேன் என்றுவிட்டாள். அவர் வந்து பார்க்கும்போது நானும் அங்கே இருக்க வேண்டும் என்றாள்.

வானம் தெளியத் தெளியப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மார்கழிக் கடைசியில் மேற்கு மலை விளிம்பு கத்தி மாதிரி கூர்மையாகத் தெரிந்த ஒரு காலையில், இன்றைக்கு ஏறலாம் என்று ஆள் அனுப்பினேன். மண்டிக்காரர் டோலியில் வந்தார். நான்கு பேர் தூக்கினார்கள். அவருடைய பாரத்தைப் பற்றி நான் சொல்லப்போவதில்லை, தூக்கியவர்கள் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்கள். கம்பளி இரண்டு, மப்ளர் ஒன்று, வீட்டுச் சமையல் ஒரு அடுக்கு, இவற்றோடு அவருடைய கும்பாவும் வந்தது.

அந்தக் கும்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மண்டிக்காரருக்கு உடம்புச் சூடு. தினமும் பொழுது சாய்ந்ததும் அகலமான ஒரு வெண்கலக் கும்பாவில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, ஒரு கை வெந்தயத்தைப் போட்டு, திறந்த வெளியில் பனிபடும்படி வைப்பார். காலையில் வெறும் வயிற்றில் வெந்தயத்தோடு குடிப்பார். கும்பாவின் விளிம்பில் அவர் பெயர் வெட்டியிருக்கும். வேறு யாருடைய கையும் அதில் படக்கூடாது. சொந்தச் சம்சாரத்தின் கையைக்கூட அவர் நம்பியதில்லை என்று அவரே பெருமையாகச் சொல்வார். மலைமேல் வந்த அன்றைக்கும் அந்த முறை தவறவில்லை. குடிசைக்கு எதிரே இருந்த தட்டைப் பாறைமேல் தன் கையாலேயே கும்பாவை வைத்தார். அதற்கு எதிரிலேயே தன் படுக்கையைப் போடச் சொன்னார். என் மாப்பிள்ளை கிழங்கைத் திருடியவர், வெந்தயத்தை விடுவாரா?

விடிந்தது. பள்ளம் வெள்ளையாகக் கிடந்தது. அவரைக் கம்பளியோடு ஓடைக்குக் கூட்டிப் போனோம். கரையோரத்துத் தகட்டை அவர் கைத்தடியால் தட்டினார். குனிந்து ஒரு துண்டை உடைத்து வாயில் போட்டு மென்றார். நாங்கள் மூன்று பேரும் அவர் தாடையையே பார்த்துக்கொண்டு நின்றோம். மென்று முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். கோபமே இல்லை, உண்மையாகவே வியந்துபோய்க் கேட்டார்.

"மதுரையிலருந்து இத எப்ப கொண்டாந்து போட்டீக? மரத்தூளக்கூடக் காணமே."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை மலைக்கு ஒரு பாளம் ஐஸைத் தூக்கி வந்து ஓடை நெடுகத் தகடு தகடாக ஒட்டிவைக்கிற சாமர்த்தியம் எங்களுக்கு இருந்தால், நாங்கள் ஏன் உருளைக்கிழங்கு போடுகிறோம்? என் தங்கைதான், மொதலாளி வெந்தயத் தண்ணி குடிக்க நேரமாயிருச்சு என்றாள். அவர் பாறைக்கு நடந்தார். கும்பாவைத் தூக்கினார், வாயில் சாய்த்தார். ஒன்றும் வரவில்லை. இன்னும் சாய்த்தார். பிறகு கும்பாவுக்குள் பார்த்தார்.

தண்ணீர் முழுக்க ஒரே தகடாக இறுகியிருந்தது. வெந்தயம் அதற்குள் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு மணியும் தனித்தனியாகத் தெரிந்தது. அவர் கும்பாவைக் கவிழ்த்தார், குலுக்கினார், நகத்தால் சுரண்டினார். தன் கையால் ஊற்றிய தண்ணீர், தன் கையால் போட்ட வெந்தயம், தன் பெயர் வெட்டிய கும்பா. மதுரை மில், சக்கரம், மூக்கை எரிக்கும் வாடை எல்லாம் அவர் முகத்திலிருந்து ஒவ்வொன்றாக இறங்கிப் போவதை நான் பார்த்தேன். நல்லதாக ஒரு காட்சி வேண்டும் என்று கடவுள் எனக்காக ஏற்பாடு செய்த மாதிரி இருந்தது. கும்பாவைச் சாய்த்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன், அவர் மறுக்காமல் பிடித்தார். விளிம்பில் பெயர் விழும்படி படம் எடுத்தேன்.

டோலியில் ஏறும் முன் அவர் என் தங்கையிடம் போனார்.

"ஆத்தா, நீ வெசனப்படாத. நான் பாத்தத நான் சொல்றேன்."

அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். மறுநாளே கீழே இறங்கி என் வீட்டுக்கு வந்தாள். அந்த ஒரு வாரம் அவள் நன்றாகத் தூங்கினாள் என்று என் மனைவி சொன்னாள்.

படம் வந்ததும் கோயில் மண்டபத்தில் கூடினோம். மண்டிக்காரர் எழுந்து நின்று, மலைமேல் ஐஸ் இருக்கிறது, நானே மென்று பார்த்தேன், என் கும்பாவில் இருந்ததும் ஐஸ்தான் என்றார். பிறகு மூத்த பெரியவர் படத்தை வாங்கிப் பார்த்தார். பார்த்தவுடனே அவர் முகம் மலர்ந்தது. இந்த முறை அவருக்குப் படம் புரிந்துவிட்டது.

"இது வெந்தயம் போட்டு உருக்குன நெய்யில்ல? மார்கழியில நெய் உறையாம என்ன செய்யும்?"

படம் கை மாறியது. நெய்தான். இரண்டாமவருக்கும் நெய், மூன்றாமவருக்கும் நெய். எந்த வீட்டில் வெண்ணெய் உருக்கினாலும் கடைசியில் நான்கு வெந்தயம் போடுவார்கள், அது அடியில் கிடக்கும், மார்கழியில் நெய்யோடு இறுகும். பிறந்தது முதல் அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். நான் எடுத்த படங்களிலேயே எல்லோருக்கும் தெளிவாகப் புரிந்த படம் அதுதான், புரிந்தது தப்பாகப் புரிந்தது. மண்டிக்காரர் எப்போது இவர்கள் பக்கம் சாய்ந்தார் என்று யாரோ பின்னாலிருந்து முணுமுணுத்தார்கள். மூத்தவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஐஸ் என்று நிச்சயமாகச் சொல்வதானால் கற்பூரத்தை மண்டிக்காரரே அணைக்கட்டும், வழக்கு அதோடு தீர்ந்தது என்றார்.

தட்டு வந்தது. கற்பூரம் எரிந்தது. மண்டிக்காரர் கையை நீட்டவில்லை. ஐஸோடு கல்யாணம் செய்துகொண்டுபோன அவருடைய மகளுக்கும் அப்போது ஐந்தாவது மாதம். அது கடைத்தெருவுக்கே தெரியும், எனக்கும் தெரியும். என் மாப்பிள்ளை அவரைப் பார்த்தார். அவர் தட்டைப் பார்த்தார்.

"நெய்யாவும் இருக்கலாம்" என்றார். "விடியக்காலம் பாருங்க. கண்ணு சரியாத் தெரியல."

அந்த மனிதரை நான் அதற்கு முன்னால் முட்டாள் என்று மட்டும்தான் நினைத்திருந்தேன். முட்டாளை மன்னிக்கலாம். மென்று பார்த்துவிட்டு, கண் தெரியவில்லை என்கிறவனை என்ன செய்வது? மகளுக்காகப் பயந்தார் என்பார்கள். பயப்படட்டும், யார் வேண்டாம் என்றது? என் தங்கை வயிற்றில் இருந்தது மட்டும் என்ன, பூசணிக்காயா?

அவள் சந்நிதிக்குப் பக்கத்தில், பெண்கள் நிற்கிற இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். கும்பிட வந்தவள்தான். வயிற்றைத் தாங்கிக்கொண்டு, மண்டபத்துக்குள் நேரே நடந்து வந்தாள். மாப்பிள்ளை எழுந்து தடுப்பதற்குள் தட்டுக்கு முன்னால் வந்துவிட்டாள்.

"ஓடையில இருந்தது ஐஸு. கும்பாவுல இருந்ததும் ஐஸு. எம்புருசன் ஒரு கெழங்குகூட விக்கல."

சொல்லிவிட்டு, எரிகிற கற்பூரத்தின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். புகை விரலிடுக்கில் வந்தது. கையை எடுத்தபோது கற்பூரம் அணைந்திருந்தது. வயிற்றுப்பிள்ளைக்காரி செய்கிற காரியமா இது என்று மூத்தவர் பதறிப்போய்க் கேட்டார்.

"செய்ய வேண்டியவுக செய்யல" என்றாள்.

அவள் யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. மண்டிக்காரர் தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்துகொண்டார். என் கையில் காமிரா இருந்தது, நான் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அதிலும் இவர்கள் எதையாவது கண்டிருப்பார்கள்.

நிலம் அவர்களிடமே இருந்தது. அடுத்த இரண்டு மாதமும் ஊர் எதற்காகக் காத்திருந்தது என்று எனக்குத் தெரியும். தெருவில் போகிற பெண்கள் என் வீட்டு வாசலில் நின்று, என் மனைவியிடம் தங்கச்சி சுகமா என்று கேட்பார்கள், கேட்டுவிட்டு உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். பங்குனியில் பெண் குழந்தை பிறந்தது. குரல் தெருக்கோடி வரைக்கும் கேட்டது. உடனே ஊர் தீர்ப்பை மாற்றிக்கொண்டது. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை, அப்படியானால் சத்தியம் உண்மை, அப்படியானால் மலைமேல் ஐஸ் உண்டு. நான் வானத்தையும் ஓடையையும் எடுத்துக் காட்டியபோது நம்பாதவர்கள், கற்பூரத்தில் கருகிய ஓர் உள்ளங்கையைப் பார்த்து நம்பினார்கள். மலை ஐஸை முதன்முதலில் கண்டுபிடித்தது தான்தான் என்று மண்டிக்காரர் அந்தச் சித்திரையிலிருந்தே சொல்ல ஆரம்பித்தார். பந்தலில் தலையாட்டிய அதே ஆட்கள் அதற்கும் தலையாட்டினார்கள்.

பிரசவித்தவளுக்கு என்று அவர் வீட்டிலிருந்து நெய் வந்தது. வேறு பாத்திரமே கிடைக்காத மாதிரி, அதே கும்பாவில் கொடுத்து அனுப்பியிருந்தார். யாரையும் தொட விடாத கும்பாவையே கொடுத்துவிட்டார், அது அவருடைய மன்னிப்புப் போலும் என்று என் மனைவி சொன்னாள். தங்கை குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். நெய்யின் அடியில் நாலைந்து வெந்தயம் கிடந்தது. கொண்டுவந்த கடைக் கணக்குப்பிள்ளையிடம் அவள் குரலை உயர்த்தாமல்தான் பேசினாள்.

"அன்னைக்கு இந்தக் கும்பாவுல இருந்தது என்னன்னு உங்க மொதலாளியக் கேட்டுட்டு வாங்க. பெறகு வாங்கிக்கிறேன்."

அவர் கும்பாவை வாசலிலேயே வைத்துவிட்டுக் கேட்கப் போனார். பதிலோடு திரும்பி வரவில்லை, கும்பாவைக் கேட்டும் யாரும் வரவில்லை. நெய்யை என் மனைவி கோயில் விளக்குக்குக் கொடுத்துவிட்டாள். கும்பாவை மட்டும் தங்கை மலைக்குத் திரும்பும்போது எடுத்துக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகும் பல வருஷம் நான் லீவு விட்டால் அங்கே போய்க்கொண்டிருந்தேன், வானத்தையும் ஓடையையும் எடுத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கும்பா குடிசைக்கு எதிரே அதே பாறைமேல் இருக்கும். அதில்தான் கோழிகளுக்குத் தண்ணீர் வைப்பாள். மார்கழியில் வானம் தெளிந்த நாட்களில், விடிந்ததும் கோழிகள் வந்து, மண்டிக்காரர் பெயரைச் சுற்றி நின்று, கும்பாவுக்குள் கொத்திப் பார்க்கும். அலகு வலித்ததும் புரிந்துகொண்டு, ஓடைப்பக்கம் போய்விடும்.